அம்மா போனில் வளரும் பிள்ளைகளுக்கு இணையப் பழக்கம்: தொடக்கப் பள்ளியில் எதை, எந்த வரிசையில் நடத்துவது?

பாரிஜாதம்_டீச்சர் எழுதியது:

வணக்கம். எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து 31 பிள்ளைகள். இரண்டாம் பருவத்தில் வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம், இணையத்தைப் பொறுப்போடு பயன்படுத்துவது பற்றி நடத்த எச்.எம். அனுமதி கொடுத்திருக்கிறார். விடுமுறை போக எட்டு, ஒன்பது வகுப்புகள் கிடைக்கும். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, ஆனால் நெட் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஆகவே சார்ட், அட்டை, கரும்பலகையை வைத்தே நடத்த வேண்டும்.

காமன் சென்ஸ் எஜுகேஷன் பாடங்களையும் கூகுளின் 'பி இன்டர்நெட் ஆசம்' பாடங்களையும் பார்த்தேன். நல்ல உழைப்பு. ஆனால் பல பாடங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு, தனிக் கருவி இருப்பதாக வைத்துக்கொண்டு போகின்றன. இங்கே ஒரு பிள்ளைக்கும் சொந்த போன் கிடையாது. அதே சமயம் எல்லாப் பிள்ளைகளும் தினமும் போன் பார்க்கிறார்கள். எதை முதலில் எடுப்பது, எதை விடுவது? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கல்வெட்டு எழுதியது:

டீச்சர், நீங்கள் சொன்ன அந்த இடைவெளியில்தான் பாடமே இருக்கிறது. நம் பிள்ளைகள் கையில் இருப்பது அவர்களுடைய போன் இல்லை. அந்த ஒரே போனில் அப்பாவின் ஜிபே, அம்மாவின் மகளிர் குழு வாட்ஸ்அப், சிலிண்டர் புக்கிங், அக்காவின் காலேஜ் மெயில் எல்லாம் கிடக்கிறது. யூடியூப்பில் நுழைந்திருப்பது அப்பாவின் கணக்கு. அதனால் திரையில் வருவது பெரியவர்களுக்கான வீடியோ, பெரியவர்களுக்கான விளம்பரம். ஆகவே 'வலுவான பாஸ்வேர்ட் வைப்பது எப்படி' என்று தொடங்க வேண்டாம். 'இன்னொருவர் போன் என் கையில் இருக்கும்போது நான் என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது' என்று தொடங்குங்கள்.

முதல் வகுப்பு முழுக்கக் கேட்பதற்கு. ஆளுக்கு அரைத் தாள் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம். மூன்றே கேள்வி: யாருடைய போன், எந்த நேரத்தில் கையில் கிடைக்கும், அதில் என்ன பார்ப்பாய். எழுதத் தடுமாறும் பிள்ளைகள் படம் வரையட்டும். 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்' என்று கேட்காதீர்கள். ஒன்பது வயதில் அந்தக் கணக்கு வராது, டீச்சருக்குப் பிடித்த எண்ணை எழுதிவிடுவார்கள். 'சாப்பிடும்போதா, தூங்கப்போகும் முன்பா, அம்மா வேலைக்குப் போன பிறகா' என்று கேட்டால் உண்மை வரும். முதல் தாளைப் படித்ததும் நம் முகம் மாறினால் மற்ற எல்லாரும் 'படிப்புக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுப்பார்கள். அதனால் தாள்களை வகுப்பில் படிக்காமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பெரும்பாலும் யூடியூப் ஷார்ட்ஸ், ஒன்றிரண்டு கேம், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புவது, வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுப்பது, இவ்வளவுதான் வரும். உங்கள் ஒன்பது வகுப்பையும் இந்த நான்கைச் சுற்றியே அமையுங்கள். நான் வைக்கும் வரிசை: கேட்பது, யார் போன், எதைச் சொல்லலாம், பணமும் ஓ.டி.பி.யும், விளம்பரத் தந்திரம், ஃபார்வர்டு, கேலி, தெரியாதவர் பேச்சு, யாரிடம் சொல்வது.

வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் கணக்கு தொடங்கிக் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் குறைந்தபட்ச வயது 13. அந்த 13 அமெரிக்காவில் 1998-இல் வந்த சிறுவர் தனியுரிமைச் சட்டத்திலிருந்து வந்த எல்லை. நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது முடியாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது.

முளைப்பாரி எழுதியது:

ஒன்று, இரண்டாம் வகுப்புக்காரர்கள் படித்தால் ஒரு வார்த்தை. அந்த வயதுக்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. மூன்று பழக்கம் போதும். போனை எடுக்கும் முன் கேட்பது. புரியாதது, பயமாக இருப்பது, உடம்பு சம்பந்தப்பட்டது எது திரையில் வந்தாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெரியவரைக் கூப்பிடுவது. போட்டோ எடுக்கும் முன் 'எடுக்கட்டுமா' என்று கேட்பது. மூன்றையும் அட்டையில் செய்த பொம்மை போனை வைத்து நடித்துக் காட்டலாம், பத்து நிமிடம் போதும்.

'கவிழ்த்து வை' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 'பேக் அழுத்து', 'மூடு' என்றால் சின்ன விரல் வேறெங்காவது பட்டு இன்னொன்று திறக்கும். தவிர, என்ன வந்தது என்று பெரியவர் பார்க்கவும் முடியாமல் போகும்.

இன்னொன்று: இந்த வயதுப் பிள்ளைகள் படிக்கத் தெரியாமலே மைக் பட்டனை அழுத்திப் பேசித் தேடுகிறார்கள். கேட்டது ஒன்று, வருவது ஒன்றாக இருக்கும். எழுதத் தெரிந்த பிறகுதான் ஆபத்து என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம்.

வலைக்காப்பு எழுதியது:

'எதைச் சொல்லலாம்' வகுப்பை விரிவாகத் தருகிறேன். இதுதான் அதிகம் நடத்தப்படும் பாடம், அதிகம் தவறாகப் போகும் பாடமும் இதுதான்.

31 பேரை ஆறு குழுவாக்குங்கள், ஐந்து குழுவில் ஐவர், ஒன்றில் அறுவர். குழுவுக்கு 14 அட்டை: பிடித்த நிறம், நாய்க்குட்டியின் பெயர், முழுப்பெயர், பிறந்த நாள், பள்ளியின் பெயர், தெருவின் பெயர், அப்பா வேலைக்குப் போகும் நேரம், அம்மாவின் போன் நம்பர், ஆதார் எண், ஓ.டி.பி., போனின் லாக் பேட்டர்ன், யூனிஃபார்மில் எடுத்த போட்டோ, 'நாளைக்கு ஊருக்குப் போகிறோம்' என்ற செய்தி, பிடித்த கிரிக்கெட் வீரர்.

தரையில் சாக்பீஸால் மூன்று வட்டம். திரையில் கேட்கும் யாருக்கும் சொல்லலாம். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லலாம். திரையில் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. அட்டைகளைப் பிரிக்க 12 நிமிடம்.

இங்கே 'திரையில்' என்ற சொல் கட்டாயம். அதை விட்டுவிட்டு 'அம்மா நம்பரை யாருக்கும் சொல்லாதே' என்று பதிய வைத்தால், தேர்த்திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை போலீஸ்காரரிடம்கூட நம்பரைச் சொல்லாமல் நிற்கும். நேரில் உதவிக்கு நம்பர் சொல்லலாம், மனப்பாடமாகவும் தெரிந்திருக்க வேண்டும். கேம் சாட்டில் கேட்பவருக்குச் சொல்லக் கூடாது. இரண்டையும் நடித்துக் காட்டுங்கள்.

பிறந்த நாள் அட்டையில் சண்டை வரும். காலை வழிபாட்டில் எல்லார் முன்னும் வாழ்த்துகிறோமே என்பார்கள். சரியான கேள்வி. ஐம்பது பேர் முகம் தெரிந்த பள்ளி வேறு, யார் பார்க்கிறார்கள் என்றே தெரியாத இடம் வேறு என்று விளக்க இதுதான் வாய்ப்பு.

அடுத்த பாதியை விட்டுவிடாதீர்கள். முதல் வட்டத்திலும் இரண்டாம் வட்டத்திலும் கிடக்கும் அட்டைகளில் இரண்டை எடுத்துச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். யூனிஃபார்ம் போட்டோவில் பாக்கெட் மேல் பள்ளியின் பெயர் தெரியும். அதோடு தெருப் பெயர் சேர்ந்தால் பிள்ளை எந்த வழியாக நடந்து வீட்டுக்குப் போகும் என்று தெரிந்துவிடும். 'ஊருக்குப் போகிறோம்' என்பதோடு தெருப் பெயர் சேர்ந்தால் பூட்டிய வீடு எது என்று தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, சேர்ந்தால்தான் வினை. பத்து வயதுப் பிள்ளைகள் இதை நாம் நினைப்பதைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள், அவர்களே புதிய ஜோடிகளைக் கண்டுபிடிப்பார்கள்.

பாரிஜாதம்_டீச்சர் எழுதியது:

மிக்க நன்றி. 'திரையில்' என்ற சொல்லைக் குறித்துக்கொண்டேன். ஒரு சந்தேகம். ஓ.டி.பி., யு.பி.ஐ. எல்லாம் பெரியவர்கள் விஷயம், பிள்ளைகளிடம் பேசினால் பணம் எடுக்கக் கற்றுத் தருவது போல் ஆகிவிடும் என்று பெற்றோர் ஆட்சேபிக்கலாம். என்ன சொல்வது?

வலைக்காப்பு எழுதியது:

வீட்டில் ஓ.டி.பி.யை வாசித்துச் சொல்வதே பல இடங்களில் பிள்ளைதான். கண்ணாடி இல்லாத தாத்தாவுக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்கும் மெசேஜ் படித்துக் காட்டுவது நாலாம் வகுப்புப் பேத்தி. அவளிடம் பேசாமல் யாரிடம் பேசுவது? பெற்றோரிடம் இதைச் சொன்னாலே ஆட்சேபம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நடத்த வேண்டியது மூன்று விஷயம்தான். ஒன்று, போனில் பேசிக்கொண்டிருப்பவர் கேட்டு ஓ.டி.பி.யைச் சத்தமாகப் படிக்கக் கூடாது. வங்கி என்றாலும், ஸ்காலர்ஷிப் ஆபீஸ் என்றாலும், 'உங்க ஸ்கூலிலிருந்து பேசுறேன்' என்றாலும் கூடாது. இரண்டு, யு.பி.ஐ. பின் போட்டால் பணம் போகும், வராது. பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. பேலன்ஸ் பார்க்கவும் பின் கேட்கும், ஆனால் அது பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை இல்லை. மூன்று, யாரோ அனுப்பிய ஆப் ஃபைலையோ லிங்கையோ அழுத்தக் கூடாது. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைல்கள் இந்த வகை. நிறுவிவிட்டால் எஸ்.எம்.எஸ்.ஸை அதுவே படித்து வெளியே அனுப்பிவிடும், ஓ.டி.பி.யை யாரும் கேட்கவே வேண்டியதில்லை.

கரும்பலகையில் போன் திரையை வரைந்து 'நீங்கள் ரூ.2,000 பெறப்போகிறீர்கள், பின் இடவும்' என்று எழுதுங்கள். வரிக்கு வரி படிக்கச் சொல்லி, எந்த வரி பொய் என்று கேளுங்கள். நேரடியாகக் கேட்டால் பாதிப் பேர் முதல் வரியைக் காட்டுவார்கள். முதல் வரியையும் இரண்டாம் வரியையும் ஒன்றாகப் படிக்கும்போதுதான் பொருந்தாது என்று புரியும்.

பணம் போய்விட்டால் 1930. தேசிய சைபர் குற்ற உதவி எண். அழைக்கும்போது வங்கியின் பெயர், எவ்வளவு பணம், எத்தனை மணிக்கு, யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஆகவே பிள்ளை ஏதாவது அழுத்திவிட்டால் அதே நிமிடம் சொல்ல வேண்டும். அடி விழும் என்று பயந்து ராத்திரி வரை மறைத்தால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

தாமரைக்குளம் எழுதியது:

கடைசி வரியை மேலே கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். கல்வெட்டு ஐயாவின் வரிசையில் எனக்கு உடன்பாடு இல்லை. 'யாரிடம் சொல்வது' என்பதை ஒன்பதாவது வகுப்பில் வைத்திருக்கிறீர்கள். அது இரண்டாவது வகுப்பில் வர வேண்டும். எட்டு வாரம் ஆபத்தை மட்டும் சொல்லிக்கொண்டே போய், ஒன்பதாம் வாரம் 'எதுவானாலும் சொல்' என்றால் பிள்ளை சொல்லாது. 'தப்பு செய்தது நான்' என்று அதற்குள் முடிவு கட்டியிருக்கும்.

பிள்ளைகள் மறைப்பதற்கு முதல் காரணம் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். இரண்டாவது, 'உன்னை யார் அதைப் பார்க்கச் சொன்னது' என்ற கேள்வி. இந்த இரண்டையும் உடைக்காமல் மற்ற எட்டு வகுப்பு நடத்தியும் பயனில்லை. பெற்றோரிடம் ஒரே ஒரு வாக்குறுதி கேளுங்கள்: பிள்ளை தானாக வந்து சொன்னால் அன்றைக்கு அடியும் இல்லை, போனைப் பிடுங்குவதும் இல்லை. கேமை நீக்க வேண்டியிருந்தால் மறுநாள் பேசிவிட்டு நீக்கட்டும்.

வகுப்பில் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கை விரல்களை வரைந்து, விரலுக்கு ஒருவராக ஐந்து பெரியவர்களை எழுத வேண்டும். ஐவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஒருவராவது பள்ளியில் இருக்க வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் 1098. அது 24 மணி நேரமும் இயங்கும் குழந்தைகள் உதவி எண். ஐந்து பேர் தேறாத பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும். அந்தத் தாளைத் தனியாக எடுத்து வையுங்கள், அந்தப் பிள்ளைக்குத்தான் நாம் அதிகம் தேவை. பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி உள்ள பள்ளியானால் அதைத் திறப்பது யார், எந்த நாளில் என்பதையும் சொல்லிவிடுங்கள். யார் படிப்பார் என்று தெரியாத பெட்டியில் எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது.

அடுத்து, 'தெரியாதவரோடு பேசாதே' என்ற பாடம். அதை அப்படியே நடத்தினால் தோற்கும். பத்து நாள் ஒரே அணியில் கேம் விளையாடிய 'அண்ணா' பிள்ளையின் கணக்கில் தெரியாதவர் இல்லை, நண்பர். தவிர, தொல்லை தருபவர் பல நேரம் தெரிந்தவராகவே இருப்பார். ஆளை அடையாளம் காணச் சொல்லிக் கொடுக்காமல் கோரிக்கையை அடையாளம் காணச் சொல்லிக் கொடுங்கள். யாராக இருந்தாலும் இந்த ஐந்தில் ஒன்றைக் கேட்டால் நிறுத்திவிட்டுப் பெரியவரிடம் போக வேண்டும்: 'இது நமக்குள் ரகசியம்', 'போட்டோ அனுப்பு', 'வேறு ஆப்புக்கு வா, அங்கே பேசலாம்', 'கேமில் டைமண்ட் தருகிறேன், அதற்குப் பதில்...', 'வீட்டில் யார் இருக்கிறார்கள்'.

பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் பற்றி ஏற்கெனவே நடத்தியிருப்பீர்கள். அதே வாரத்திலோ அடுத்த வாரத்திலோ இதை வைத்தால் தனியாகத் தயங்கித் தொடங்க வேண்டியதில்லை.

கல்வெட்டு எழுதியது:

ஏற்கிறேன். 'யாரிடம் சொல்வது' இரண்டாவது பாடவேளைக்கு வரட்டும். ஒன்பதாவது வகுப்பை மீள்பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நீதிமுற்றம் எழுதியது:

பிள்ளை வந்து சொல்லும் நாளுக்கு ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். இந்தப் பாடம் சரியாக நடந்தால் யாராவது ஒரு பிள்ளை கண்டிப்பாக வந்து சொல்லும்.

பாலியல் தொல்லையாகவோ ஆபாசப் படமாகவோ இருந்தால், நடந்ததை நடந்தபடி பிள்ளை சொல்லும் அளவுக்கு மட்டும் கேளுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். எச்.எம். முன்னால் ஒரு தடவை, பெற்றோர் முன்னால் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள்.

போனில் படம் இருந்தால் அதை உங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் கூடாது, 'ஆதாரத்துக்காக' என்று ஆசிரியர் குழுவில் போடவே கூடாது. குழந்தையின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவிலும் போக்சோ சட்டம் 15ஆம் பிரிவிலும் குற்றம். இது தொடர்பான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்து இதைத் தெளிவுபடுத்தியது. போன் இருந்தபடி இருக்கட்டும், போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

தகவல் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்வது போக்சோ 19ஆம் பிரிவின்படி கட்டாயம். பள்ளிப் பெயர் கெடும் என்று உள்ளுக்குள் முடிக்கப் பார்த்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. நிறுவனப் பொறுப்பாளருக்கு அது ஓராண்டுச் சிறை வரை போகும். பிள்ளையின் பெயரை, அடையாளம் காட்டும் விவரத்தை எங்கும் வெளியிடக் கூடாது.

மணியோசை எழுதியது:

பிள்ளைகளுக்கு 'கேட்காமல் போட்டோ போடாதே' என்று நடத்திவிட்டு, அன்று மாலையே பிறந்தநாள் பிள்ளையின் போட்டோவைப் பெயர், வகுப்பு, பள்ளியோடு ஸ்டேட்டஸில் வைக்கிறோம். இது பரவலாக நடக்கிறது. வலைக்காப்பு சொன்ன ஜோடி அட்டைகளை நாமே சேர்த்துக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். ஆசிரியர்கள் நடப்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்பார்கள், எனவே இந்தப் பாடம் ஸ்டாஃப் ரூமில் தொடங்க வேண்டும்.

பள்ளிக்கு நான் சொல்லும் விதிகள்: முகம் தெளிவாகத் தெரியும் தனிப் படம் வேண்டாம், வேலை செய்யும் கைகளையோ பின்பக்கமாகக் குழுவையோ எடுக்கலாம். படத்தோடு பெயர் வேண்டாம். மதிப்பெண் பட்டியலையும், வராத பிள்ளைகள் பட்டியலையும் பெற்றோர் குழுவில் போட வேண்டாம், தனித்தனியாக அனுப்புங்கள். பெற்றோர் குழுவை 'அட்மின் மட்டும் அனுப்பலாம்' என்று மாற்றுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒப்புதல் படிவம் வாங்குங்கள். அதில் 'பள்ளிச் சுவரில் ஒட்டலாம்', 'பெற்றோர் குழுவில் போடலாம்', 'பொதுவெளியில் போடலாம்' என்று மூன்று தனிக் கட்டம் இருக்கட்டும். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்கும் படிவம் சம்மதமே இல்லை.

பெற்றோர் ஒப்புக்கொண்டாலும் படம் எடுக்கும்போது பிள்ளையிடமும் கேளுங்கள். வேண்டாம் என்று தலையாட்டினால் எடுக்காதீர்கள். அந்த ஒரு நொடி, 40 நிமிடப் பாடத்தைவிட அதிகம் கற்றுத் தரும்.

கல்வெட்டு எழுதியது:

ஃபார்வர்டு வகுப்பும் கேலி வகுப்பும் எழுதுவதாகச் சொல்லவில்லை என்றாலும், இவை இரண்டிலும் செய்முறை முக்கியம் என்பதால் எழுதிவிடுகிறேன்.

ஃபார்வர்டுக்கு வெள்ளைச் சீட்டுகள் போதும். கரும்பலகையில் ஒரு பொய்ச் செய்தி எழுதுங்கள்: 'நாளை பள்ளிக்கு விடுமுறை.' ஒரு பிள்ளை அதை ஐந்து சீட்டில் எழுதி ஐவருக்குக் கொடுக்கும். ஐவரும் ஆளுக்கு ஐந்து. இரண்டாம் சுற்றிலேயே 25 சீட்டு, வகுப்பே முடிந்துவிடும். மூன்றாம் சுற்றைக் கரும்பலகையில் பெருக்கிக் காட்டுங்கள், 125. நாலாம் சுற்றில் 625. இப்போது முதல் பிள்ளையிடம், 'அது பொய்யாம், எல்லாச் சீட்டையும் திரும்ப வாங்கி வா' என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கொடுங்கள். சில சீட்டு கிழிந்திருக்கும், சில பையில் போயிருக்கும், ஒன்றிரண்டு ஜன்னலுக்கு வெளியே இருக்கும். 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' எவ்வளவு தூரம் உதவும் என்பதை விளக்க இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

பிறகு இரட்டை அம்புக்குறியைக் காட்டுங்கள். 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று வாட்ஸ்அப் காட்டினால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்தி. அதைப் பொய் என்று அர்த்தம் கொள்ளக் கூடாது. யார் எழுதியது என்று அனுப்பியவருக்கே தெரியாது என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும், 2020 ஏப்ரலில் அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் வீட்டில் போய் அப்பாவின் போனில் அந்த அம்பைத் தேடுவார்கள். தேடட்டும்.

கேலி வகுப்புக்கு உதாரணம் ஸ்டிக்கர். வகுப்புத் தோழனின் குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, கழுதைக் காது வைத்து, அம்மா போனில் ஸ்டிக்கராக்கி அனுப்புவது ஐந்தாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. ஆபாசமோ மிரட்டலோ இல்லை என்பதால் பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அனுப்பிய மெசேஜை அழித்தாலும், மற்றவர்கள் சேமித்து வைத்த ஸ்டிக்கர் அவர்கள் போனில் அப்படியே இருக்கும். அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரத் தயங்கும்.

நான்கு நாற்காலி போடுங்கள். செய்தவர், அனுப்பியவர், பார்த்துச் சிரித்தவர், பாதிக்கப்பட்டவரிடம் போய்ப் பேசியவர். கேலிக்கு ஆளானவருக்கு நாற்காலி போடாதீர்கள், எந்தப் பிள்ளையையும் அதில் உட்காரவைக்கக் கூடாது. ஒவ்வொரு நாற்காலியிலும் உட்காரும் பிள்ளை 'நான் இப்போது என்ன செய்தால் இது நிற்கும்' என்று மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாவது நாற்காலியில்தான் அதிகம் பேர் இருக்கிறார்கள், நேரத்தை அங்கே செலவிடுங்கள். 'அனுப்பாமல் விடுவது', 'நல்லா இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதுவது', 'மறுநாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்வது' என்று அவர்களிடமிருந்தே வரும். 'மன்னிப்புக் கேள்' என்று வகுப்பு முன்னால் யாரையும் நிற்க வைக்க வேண்டாம்.

முளைப்பாரி எழுதியது:

இதோடு சேர்த்து: உறுதிமொழி வாசிப்பு, விழிப்புணர்வு ஓவியப் போட்டி, பேரணி மூன்றுக்கும் வகுப்பு நேரத்தைக் கொடுக்காதீர்கள். சங்கிலி போட்ட போனும் அழும் பிள்ளையும் வரைந்தால் பரிசு கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பழக்கம் மாறாது. ஒரு நாடகமாக நடித்துப் பழகினால் மாறும்.

பெட்டிக்கடை_டெக் எழுதியது:

பெற்றோருக்கான போன் செட்டிங்ஸ். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்ட நாளில், வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில் வையுங்கள். 20 நிமிடம், இரண்டே மாற்றம். நீங்கள் வாங்கிச் செய்து கொடுக்காதீர்கள், அவர்கள் விரலாலேயே செய்யட்டும். நாம் செய்து கொடுத்தால் அடுத்த மாதம் ஏதோ வேலை செய்யவில்லை என்று மொத்தமாக மாற்றிவிடுவார்கள்.

முதலாவது, ஆப் பின்னிங், அதாவது போனை ஒரே ஆப்பில் நிறுத்தி வைப்பது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் இருக்கும். சில கம்பெனி போன்களில் 'ஸ்கிரீன் பின்னிங்' என்று இருக்கும். செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'பின்' என்று தட்டினால் கிடைக்கும். 'வெளியேறும் முன் பின் எண் கேள்' என்பதையும் சேர்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. யூடியூப்பைப் பின் செய்து கொடுத்தால் பிள்ளை ஜிபேக்கோ கேலரிக்கோ போக முடியாது. தோற்கும் இடம் ஒன்றுதான்: லாக் பேட்டர்ன் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள், யு.பி.ஐ. பின்னும் போன் பின்னும் ஒரே எண்ணாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, பெரியவர்களுக்கான வீடியோக்களை வடிகட்டும் யூடியூப் ரெஸ்ட்ரிக்டட் மோடு. ப்ரொஃபைல் படம், செட்டிங்ஸ், ஜெனரல், அங்கே இருக்கும். ஆட்டோபிளேயையும் நிறுத்தச் சொல்லுங்கள். ரெஸ்ட்ரிக்டட் மோடு அந்தக் கருவிக்கும் அந்த ஆப்புக்கும் மட்டும்தான். குரோமில் யூடியூப் திறந்தால் தனியாகப் போட வேண்டும், வீட்டு டிவியிலும் தனியாக. தமிழ் வீடியோக்களில் எல்லாவற்றையும் அது வடிகட்டிவிடும் என்று நம்ப வேண்டாம். எட்டு வயதுக்குக் கீழே என்றால் யூடியூப் கிட்ஸ் ஆப்பில் 'நானே தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும்' என்ற முறை நல்லது. அதில் தேடல் இருக்காது.

நேரம் மீதமிருந்தால் பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி மாற்றுங்கள். வாட்ஸ்அப் பிரைவசியில் 'யார் என்னைக் குழுவில் சேர்க்கலாம்' என்பதைத் தொடர்புகளுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். மற்றவற்றை அச்சடித்த ஒரு பக்கத் தாளில் கொடுங்கள்.

பாரிஜாதம்_டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. ஏ.ஐ. படங்களைப் பற்றி இந்த வயதில் பேச வேண்டுமா? கடைசியில் பிள்ளைகள் கற்றார்களா என்று எப்படிப் பார்ப்பது?

வலைக்காப்பு எழுதியது:

ஏ.ஐ.க்குத் தனி வகுப்பு வேண்டாம், ஃபார்வர்டு வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். 'ஆறு விரல் இருந்தால் போலி' என்று கற்றுக்கொடுக்காதீர்கள். அந்தக் குறை இப்போது வரும் படங்களில் அரிது. விரல் சரியாக இருக்கிறது, ஆகவே உண்மை என்ற தவறான முடிவுக்குப் பிள்ளை போகும். 'யார் எடுத்த படம், எங்கே எடுத்தது, வேறு யார் சொல்கிறார்கள்' என்ற மூன்று கேள்வி படம், குரல், செய்தி எல்லாவற்றுக்கும் நிற்கும். அம்மா குரலிலேயே யாரோ பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால், போனை வைத்துவிட்டு அம்மா நம்பருக்குத் திரும்ப அடிப்பது என்று பழக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் நீல வளையமாக வரும் மெட்டா ஏ.ஐ.யிடம் பிள்ளைகள் பேசுகிறார்கள். அது ஆள் இல்லை, அதனிடம் வீட்டு விஷயம் சொல்ல வேண்டாம், அது உறுதியாகச் சொல்வதும் தவறாக இருக்கலாம். இவ்வளவு போதும்.

தாமரைக்குளம் எழுதியது:

மதிப்பீட்டுக்கு 'ஓ.டி.பி.யைப் பகிரலாமா, ஆம்/இல்லை' என்று கேட்காதீர்கள். எல்லாரும் சரியாக எழுதுவார்கள். சூழல் கொடுங்கள்: 'தாத்தா போனில் ஒருவர் பேசுகிறார். தாத்தாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மெசேஜில் வந்த எண்ணைப் படி என்கிறார் தாத்தா. நீ என்ன சொல்வாய்?' தாத்தாவை எதிர்த்துப் பேச வேண்டிய இக்கட்டு அதில் இருக்கிறது, அங்கேதான் பிள்ளை தடுமாறும். பதிலில் பார்க்க வேண்டியது இரண்டு: கையை நிறுத்தியதா, அடுத்து யாரிடம் போனது. மரியாதையாக மறுக்கும் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்: 'தாத்தா, அப்பா வந்ததும் கேட்டுட்டுச் சொல்லலாம்.' இதே போல் ஆறு சூழலை முதல் வாரமும் கடைசி வாரமும் கேட்டு ஒப்பிடுங்கள்.

விரல் படத்தைக் கடைசி வகுப்பில் திரும்பக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள், பெயர்கள் மாறியிருந்தால் ஏன் என்று தனியாகப் பேசுங்கள். இன்னொன்று, மே விடுமுறையில் பிள்ளைகள் கையில் போன் நாள் முழுக்க இருக்கும். ஆகவே ஏப்ரலில் ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு பாடவேளை வாங்கி, விரல் படத்தையும் அந்த ஐந்து கோரிக்கைகளையும் மட்டும் ஒருமுறை நடித்துப் பார்த்துவிடுங்கள். 1098-ஐயும் 1930-ஐயும் வீட்டில் போன் சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லி, எழுதிய அட்டையைக் கையோடு கொடுத்து அனுப்புங்கள்.